ஒரே ரோலர், நாலு ஃபைல்

மதியம் இரண்டே முக்கால் ஆகிவிட்டால் என் கடையில் யாரும் பேசமாட்டார்கள். டெண்டர் மூன்று மணிக்கு முடியும். அந்த மூன்று மணி என் சுவர்க் கடிகாரத்தின் மூன்று மணி இல்லை, கான்ட்ராக்டர் கையில் கட்டியிருக்கிற வாட்சின் மூன்று மணியும் இல்லை. போர்ட்டலின் மேல் மூலையில் ஓடிக்கொண்டிருக்கிற சர்வர் மணி. அதில் மூன்று அடித்த பிறகு கலெக்டரே வந்து நின்றாலும் கதவு திறக்காது.

நாகர்கோவிலில், கலெக்டர் ஆபீசிலிருந்து நடந்துவருகிற தூரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பட்டா, வில்லங்கம், பான் கார்டு, ரயில் டிக்கெட் எல்லாம் உண்டு. ஆனால் ஏழெட்டு வருடமாகக் கடை வாடகையைக் கட்டுவது இ-டெண்டர்தான். கான்ட்ராக்டர் ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். நான் ஸ்கேன் செய்து, டிஜிட்டல் கையெழுத்துச் சாவியைச் செருகி, ஏற்றிக் கொடுப்பேன். இரண்டு கவர். முதல் கவரில் தகுதிக்கான காகிதங்கள், இரண்டாவது கவரில் விலை. விலை எழுதுகிற எக்செல் ஃபைலின் பெயரை மட்டும் மாற்றிவிடக் கூடாது, போர்ட்டல் துப்பிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் உபதேசம் அதுதான்.

முதல் கவரைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வந்தேன். நகரத்துக்கு ஓடை கட்ட, ரோடு போட வருகிறவனுக்குக் குறைந்தபட்சம் என்ன இருக்கவேண்டும் என்று அரசாங்கம் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் அந்தக் கவருக்குள்தான் இருக்கிறது. பதிவுச் சான்று, சால்வென்சி, மூன்று வருட டர்ன்ஓவருக்கு ஆடிட்டர் சர்ட்டிபிகேட், இதே மாதிரி வேலை முன்பு முடித்ததற்கான சான்று, சைட்டில் இருக்கப்போகிற இன்ஜினியரின் படிப்புச் சான்று, மிக்சர், வைப்ரேட்டர், ரோலர் எல்லாம் சொந்தமா வாடகையா என்பதற்கான பத்திரம்.

இதில் ரோலர் கதை ஒன்று. ஒரு வருடம் பிப்ரவரியில் டெண்டர் மேல் டெண்டராக வந்தது. மார்ச்சுக்குள் பணத்தைச் செலவழிக்கவேண்டுமே. ஒரே வாரத்தில் நாலு கான்ட்ராக்டர்களின் ஃபைலை ஏற்றினேன். நாலாவது ஃபைலில் ரோலர் வாடகைப் பத்திரத்தை ஸ்கேன் செய்யும்போது, இந்த டி.என். 74 நம்பரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. பழைய ஃபோல்டர்களைத் திறந்து பார்த்தால் நாலு பேருக்கும் அதே ரோலர். அதே மாதம், அதே நாட்கள், நாலு தெரு. இன்ஜினியர் கதை அதைவிடத் தேவலை. ஒரு டிப்ளமா பையனின் சான்றிதழ் வேறு வேறு ஃபைல்களில் எனக்கு அத்துப்படி. அவனை ஒருநாள் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டு விசாரித்தேன். "அவன் மஸ்கட்ல லா இருக்கான்" என்றார் ஃபைல் கொண்டுவந்தவர். பையன் மஸ்கட்டில், சர்ட்டிபிகேட் நாகர்கோவிலில், ரெண்டும் வேலை பார்க்கிறது.

நான் காகிதத்தைச் சரிபார்க்கிற ஆள் இல்லை, ஏற்றுகிற ஆள். இந்தச் சமாதானம் எனக்கே முழுசாக ஒட்டவில்லை. இந்தப் பதிவை எழுத இத்தனை நாள் ஆனதற்கும் அதுதான் காரணம்.

தமிழ்நாட்டில் டெண்டருக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. 1998-இல் வந்த ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், அதற்கு 2000-இல் விதிகள். அதற்கு முன்னால் டெண்டர் பெட்டியில் கவர் போட ஆபீசுக்குள் நுழைவதே ஒரு வீரசாகசம் என்று பழைய கான்ட்ராக்டர் ஒருவர் கதை கதையாகச் சொல்வார். வாசலில் நாலு பேர் நிற்பார்களாம். "அண்ணாச்சி, எங்க போறிய?" என்று மரியாதையாகத்தான் கேட்பார்களாம். இணையம் வந்தபிறகு அந்த நாலு பேருக்கு வேலை போய்விட்டது. அந்த மட்டில் நல்லதுதான்.

தகுதி என்பதற்கு நாடு முழுக்கப் பலரும் பார்த்து எழுதுகிற அளவுகோல் ஒன்று உண்டு. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் அனுப்பிய குறிப்பில் இருப்பது. போன ஏழு வருடத்தில் இதே மாதிரி வேலை செய்திருக்கவேண்டும்: மதிப்பீட்டில் 40 சதவீதம் வருகிற வேலை மூன்று, அல்லது 50 சதவீதம் வருகிறது இரண்டு, அல்லது 80 சதவீதம் வருகிறது ஒன்று. மூன்று வருட சராசரி டர்ன்ஓவர் மதிப்பீட்டில் 30 சதவீதமாவது இருக்கவேண்டும். ஒரு கோடி ரூபாய் ஓடை என்றால் 40 லட்சத்தில் மூன்று ஓடை, இல்லை 80 லட்சத்தில் ஒன்று கட்டியிருக்கவேண்டும். மாநிலங்களும் உள்ளாட்சிகளும் அவரவர் சௌகரியத்துக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. சமையல்காரனைக் கல்யாணத்துக்குப் பேசும்போது, இதுக்கு முன்னாடி எத்தனை இலைக்குச் சமைச்சீங்க என்று கேட்கமாட்டோமா?

எனக்கு இதில் மிகவும் பிடித்த விதி வேறொன்று. பிட் கெப்பாசிட்டி என்பார்கள். கடந்த ஐந்து வருடத்தில் நீ அதிகமாக வேலை முடித்த வருடத்தின் தொகையை எடு. புது வேலைக்கு எத்தனை வருடமோ அதால் பெருக்கு. ஒன்றரையோ இரண்டோ, டெண்டரில் சொன்ன எண்ணாலும் பெருக்கு. வருவதிலிருந்து ஏற்கெனவே கையில் இருக்கிற வேலைகளின் பாக்கியைக் கழி. மிச்சம்தான் உன்னால் தாங்க முடிகிற வேலை. நல்ல வருடத்தில் ஒரு கோடிக்கு வேலை செய்தவன், ஒரு வருட வேலை, இரண்டால் பெருக்கினால் இரண்டு கோடி. கையில் ஒன்றரைக் கோடி வேலை பாக்கி என்றால் அவனுக்கு இன்னும் ஐம்பது லட்சத்துக்குத்தான் இடம். இலையில் ஏற்கெனவே சோறு கிடக்கிறது, இன்னும் எவ்வளவு வாங்குவாய் என்கிற கணக்கு.

நம்ம ஊருக்கு இந்த ஒரு விதியை ஒழுங்காகப் பிடித்தாலே பாதித் தெரு பிழைத்துவிடும். ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை, மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒன்று, நமக்கு ரெண்டு. மண்வேலை செய்ய வாகான மாதங்கள் கொஞ்சம்தான். ஒரே நேரத்தில் ஐந்து வேலையைப் பிடித்தவன் என்ன செய்வான்? ஐந்து தெருவையும் தோண்டிப் போடுவான், வேலையை ஆரம்பித்ததாகக் கணக்கு. அப்புறம் இருக்கிற ஒரு செட் ஆளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வருவான். அதற்குள் இடவப்பாதி மழை வந்துவிடும். பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டிய காலத்தில் நாகர்கோவிலில் குடியிருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். பைக்கில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு குழிக்கும் குழிக்கும் நடுவே வளைந்து வளைந்து போனவர்கள்தானே நாம்.

ஆனால் கையில் என்ன பாக்கி இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது கான்ட்ராக்டரேதான். பேரூராட்சியில் ஒரு வேலை, ஊராட்சி ஒன்றியத்தில் ஒன்று, நெடுஞ்சாலையில் ஒன்று, மாநகராட்சியில் ரெண்டு. ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீசைக் கேட்காது. எல்லா டெண்டரும் இணையத்தில்தான் நடக்கிறது. யாருக்கு எந்த வேலை போனது என்பதைக் கூட்டிப் பார்க்க ஒரு பிரவுசிங் சென்டர்காரனால் முடிகிறது, அவர்களால் முடியாதா?

தகுதியின் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் கஸ்டமர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அளவுகோலை உயர்த்த உயர்த்த, வேலை நன்றாகும் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உள்ளே இருக்கிறவர்களுக்கு அது தையல்கடை. யாருடைய தோளுக்கு அளவெடுத்தார்கள் என்று நிபந்தனையைப் படித்தாலே சொல்லிவிடுவார்கள். தார் ரோட்டு டெண்டரில், இத்தனை கிலோமீட்டருக்குள் ஹாட் மிக்ஸ் பிளான்ட் இருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை வரும். அதில் உண்மையான காரணம் இருக்கிறது. கலவை சூடாக வந்து இறங்கவேண்டும். லாரியிலேயே ஆறிப்போனால் ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் இறுகாது, முதல் மழைக்கே பெயர்ந்துவரும். அதே நிபந்தனையில் கிலோமீட்டரைக் கொஞ்சம் குறைத்துவிட்டால், மாவட்டத்தில் ஓரிருவர் தவிர எல்லாரும் வெளியே. நல்ல விதிக்கும் கெட்ட விதிக்கும் நடுவில் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம்.

பேக்கேஜ் என்று ஒன்று வந்தது. பத்துத் தெருவைச் சேர்த்து ஒரே டெண்டர். சின்னவர்களுக்கு டர்ன்ஓவர் பற்றாது, பெரியவர் ஒருவர் எடுப்பார். எடுத்துவிட்டு அதே சின்னவர்களைக் கூப்பிட்டு, நீ இந்தத் தெரு, நீ அந்தத் தெரு என்று சப் கான்ட்ராக்டாகப் பிரித்துக் கொடுப்பார். மேலே இருப்பவரின் தகுதி, கீழே இருப்பவரின் வேலை. நடுவில் ஒரு பங்கு கழிந்துபோகும். அந்தப் பங்கு சிமென்ட்டிலிருந்துதானே போகவேண்டும்? ஏற்கெனவே மதிப்பீட்டைவிட நல்ல 'லெஸ்' போட்டுத்தான் வேலையைப் பிடித்திருப்பார். ஜல்லியும் பாறைப்பொடியும் ஆபீஸ் ரேட்டுக்குக் கிடைக்கிற ஊரும் இல்லை இது. நம்ம மலையை உடைத்தெடுத்ததில் எவ்வளவோ களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போகிறது.

விலை குறைவாகக் கேட்டவனுக்கே வேலை என்கிற பிடிவாதம் சட்டத்தில் கூட அவ்வளவு இறுக்கமாக இல்லை. உச்ச நீதிமன்றம் 1998-இல் ரௌனக் இன்டர்நேஷனல் வழக்கில், விலை மட்டும் அளவுகோல் இல்லை, கேட்கிறவனின் அனுபவமும் திறமையும் பார்க்கத் தகுந்தவை என்று சொல்லிவிட்டது. மத்திய நிதியமைச்சகம் 2021 அக்டோபரில் ஒரு படி மேலே போய், தரம் முக்கியமான கட்டுமான வேலைகளில் விலை அல்லாத விஷயங்களுக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் போடலாம் என்றது. ஆனால் கீழே கையெழுத்துப் போடுகிற அதிகாரியின் இடத்தில் இருந்து பாருங்கள். குறைந்த விலைக்காரனுக்குக் கொடுத்து ஓடை இடிந்தால் அவரை யாரும் கேட்கமாட்டார்கள். கூடின விலைக்காரனுக்குக் கொடுத்து ஓடை நின்றால், ஆடிட் அப்ஜெக்‌ஷன் ஓய்வு பெறுகிறவரை துரத்தும்.

காகிதம் பெரிதாக இருந்தால் வேலை பெரிதாக இருக்கும் என்று நம்புகிறவர்களை நான் கொச்சிக்கு அனுப்புவேன். பாலாரிவட்டம் மேம்பாலம் தெரியுமல்லவா? ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் என்று எர்ணாகுளம் போன நம்ம ஊர்க்காரர்கள் பலரும் அந்த வழியாகப் போயிருப்பார்கள். 2016 அக்டோபரில் திறந்தார்கள். 2019 மே மாதம் மூடினார்கள். மூன்று வருடம் கூட ஆகவில்லை. கட்டியது சாயாக்கடை பக்கத்தில் போர்டு மாட்டின ஆள் இல்லை, பெரிய நிறுவனம்தான். டர்ன்ஓவர், அனுபவம் எல்லாம் முதல் கவரில் இருந்திருக்கும். சென்னை ஐ.ஐ.டி. வந்து பார்த்தது, விரிசல்கள் கண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 செப்டம்பரில்தான் இடித்துக் கட்ட வழி பிறந்தது. மெட்ரோ பொறியாளர் ஸ்ரீதரன் மேற்பார்வையில் டெல்லி மெட்ரோ நிறுவனம் பொறுப்பேற்றது. மேல்தளத்தைப் பெயர்த்து மறுபடி கட்டி 2021 மார்ச் 7-ஆம் தேதி திறந்துவிட்டார்கள். அரை வருடம் கூட ஆகவில்லை.

சைட்டில் இறங்கி அதைக் கட்டியவர்கள் யார் என்பதுதான் எனக்கு முக்கியம். ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். 1925-இல் வடகரைப் பக்கம் வாக்படானந்தர் என்ற துறவியின் தூண்டுதலில், அவர் பின்னால் போனதற்காக வேலை மறுக்கப்பட்ட கூலிக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. மண் வெட்டுகிறவனும் கம்பி கட்டுகிறவனும்தான் அதில் உறுப்பினர், அவர்களிலிருந்துதான் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை 66-இல் காசர்கோட்டுப் பக்கம் தலப்பாடியிலிருந்து செங்களை வரை ஆறு வழிச்சாலை போட்டதும் அவர்கள்தான். கூட்டுறவு என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. நம்ம ஊர்க் கூட்டுறவுகளின் கதை எல்லாருக்கும் தெரியும். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. அங்கே தகுதிச் சான்று யார் பெயரில் இருக்கிறதோ அவன்தான் கலவை போடுகிறான். இங்கே சான்று ஒருவன் கையில், கரண்டி இன்னொருவன் கையில்.

இந்த இடத்தில் யாராவது நம்ம மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தை இழுப்பார்கள். 1966-இல் கட்டியது, 115 அடி உயரம், இன்றைக்கும் கம்பீரமாக நிற்கிறது, அந்தக் காலத்து வேலை அந்தக் காலத்து வேலைதான் என்று. நிற்கட்டும், எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் காலத்தில் இடிந்துபோனதைப் பார்க்க யாரும் டூரிஸ்ட் பஸ் எடுத்துப் போவதில்லை.

போன வருடம் ஒரு பையன் வந்தான். முப்பது வயதிருக்கும். அப்பா கொத்தனார், இவனும் கொத்தனாராக ஆரம்பித்து, கீழ்வகுப்பில் கான்ட்ராக்டராகப் பதிந்திருக்கிறான். கான்கிரீட் ஓடை டெண்டர் ஒன்றைக் காட்டி, "அண்ணே, இதப் போட்டுத் தாருங்க" என்றான். வேலையின் அளவு அவன் வகுப்புக்குள்தான் வந்தது. ஆனால் இதே மாதிரி வேலை முடித்த சான்று கேட்டிருந்தார்கள். இல்லை என்றான்.

"ஓடையே கட்டினது இல்லியா மக்கா?"

"நெறைய கட்டிருக்கேன். எல்லாம் சப்பு. சர்ட்டிபிகேட்டு அவங்க பேர்ல லா இருக்கு."

எனக்கு என்ன தோன்றியதோ, கடையை உதவிக்கு இருக்கிற பையனிடம் விட்டுவிட்டு, ஒன்றைக் காட்டு பார்ப்போம் என்று அவன் பைக்கில் ஏறினேன். முந்தின நாள் நல்ல மழை. வடசேரி தாண்டி உள்ளே ஒரு தெரு. மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் கட்டிய ஓடை. சாவியைக் கேட்டான். கடைச் சாவியைக் கொடுத்தேன். சுவரில் அழுத்திக் கீறினான். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது, மணல் உதிரவில்லை. அப்புறம் எதிர்த் தெருவுக்குக் கூட்டிப்போனான், அது வேறு யாரோ கட்டியது. அதே சாவி, அதே அழுத்தம், விரல் நுனி அளவுக்குக் குழி விழுந்து பொடி கொட்டியது. க்யூப் டெஸ்ட் ரிப்போர்ட் இரண்டுக்கும் பாஸ்தான் ஆகியிருக்கும். ஆபீசுக்குப் போகிற பதினைந்து சென்டிமீட்டர் க்யூபுக்கென்று தனியாகக் கெட்டிக் கலவை போடுவது எல்லா சைட்டிலும் நடக்கிற கூத்து என்றான். க்யூபுக்குப் பதில் கட்டி முடித்த சுவரையே துளைபோட்டு எடுத்து உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கேட்டேன். "தெரியும்ணே, அதான் பார்க்க மாட்டாங்க" என்றான்.

திரும்புகிற வழியில் தன் ஓடையின் ஒரு மூலையில் பைக்கை நிறுத்தினான். ஒரு மூடியைக் கம்பி விட்டு நெம்பித் தூக்கினான். மற்ற இடத்தில் எல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அங்கே மட்டும் நாலடி நீளத்துக்குத் தேங்கி நின்றது. "இங்க மட்டம் தப்பிட்டு. மழைக்கு முன்னாடி முடின்னு விரட்டுனாங்க. நூல் புடிச்சது நான்தான், என் தப்புதான்" என்றான். கேட்காமலே காட்டினான். ஏழெட்டு வருடமாக நான் ஏற்றிய எத்தனையோ அனுபவச் சான்றுகளில், வேலை திருப்திகரம் என்பதற்குமேல் ஒரு வரி இருந்ததில்லை. மூன்று மழைக்காலம் கழித்து அந்த வேலையைப் போய்ப் பார்த்த ஒரு அதிகாரியின் குறிப்பு, கட்டியவன் எங்கே பிசகினான், பிசகைச் சரிசெய்தானா என்ற குறிப்பு, ஒன்றில்கூட இல்லை. எனக்கு விட்டால் முதல் கவரில் டர்ன்ஓவருக்குக் கேட்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டு, இந்த ஒரு தாளைக் கட்டாயமாக்குவேன். இதை யாரிடமும் இரவல் வாங்க முடியாது.

அந்த டெண்டரை அவனால் போட முடியவில்லை. தெரிந்த ஒருவரிடம் சான்று வாங்கித் தரட்டுமா என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. அதற்குப் பதில் சான்று தேவைப்படாத சின்ன வேலை ஒன்றைப் போட்டான், கிடைக்கவில்லை. ஓடை டெண்டரில் முதல் கவரில் தேறியவர்கள் மூன்று பேர். அதில் ஒரு ஃபைல் நான் ஏற்றியது.

இரண்டு மாதம் கழித்து அந்த ஓடை வரவேண்டிய தெரு வழியாகப் போகவேண்டி வந்தது. தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்துக்குள் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவன்தான். யாரிடம் சப் எடுத்திருக்கிறான் என்று நான் கேட்கவில்லை.

"அண்ணே, வாங்க, சாயா குடிப்போம்" என்றபடி மேலே ஏறி வந்தான். தரையில் கட்டியிருந்த மட்ட நூலைத் தாண்டும்போது காலில் படாமல் பார்த்துத் தாண்டினான்.